நாற்பத்தொரு மூடி, ஒரு ஓட்டு

1

இந்த மாதம் நான் நாற்பத்தொரு தடவை ஓட்டுப் போட்டேன். அத்தனையும் ஒரே வேட்பாளருக்கு. அத்தனையும் கள்ள ஓட்டு. ஊரில் இருப்பவர்கள் பதற வேண்டாம், வேட்பாளர் மனிதர் இல்லை, சோடா.

அதே மாதத்தில்தான், ஊரில் எனக்கிருந்த ஒரே ஒரு நல்ல ஓட்டும் பட்டியலிலிருந்து போனது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்ததால் என் மண்டைக்குள் சோடாவும் தேர்தலும் கலந்து நுரைத்துக்கொண்டிருக்கின்றன. கொஞ்சம் வெளியே ஊற்றினால் அடங்குமா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சோடா. ஓமானில் கடலோரமாக ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே குளிர்பானம் அடைக்கும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். பரிசோதனைக் கூடத்தில் நான்தான் மூத்தவன். வேலை என்னவென்று மதினி ஒருமுறை கேட்டார்கள். "வாயில ஊத்துவேன், சுத்துவேன், துப்புவேன், எழுதுவேன்" என்றேன். "இதுக்கா இம்புட்டுத் தூரம் போனீக?" என்றார்கள். எனக்குச் சர்க்கரை வந்து ஏழு வருடம் ஆகிறது. துப்பிவிடுகிறேன் என்று டாக்டரிடம் சொன்னால் அவர் என் வயிற்றைப் பார்க்கிறார்.

கம்பெனி புதிதாக ஒரு சுவையைக் கொண்டுவர முடிவு செய்து ஒரு போட்டி வைத்தது. வேலை செய்பவர்கள், வாங்கிக் குடிப்பவர்கள், யார் வேண்டுமானாலும் சுவை சொல்லலாம். வந்த குவியலிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுத்தார்கள்: மாங்காய் மிளகாய், பேரீச்சை இஞ்சி, எலுமிச்சை புதினா, நன்னாரி. இந்த நன்னாரி நான் எழுதிப் போட்டது. எங்கள் மேலாளர் ஜோர்டான்காரர். அந்தப் பெயரை நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, சுருக்கமாக "பாலைவன வேர்" என்று மாற்றிவிட்டார். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு கடையில் எலுமிச்சை பிழிந்து சோடா ஊற்றிக் கொடுக்கிற சாமான், ஒரு கையெழுத்தில் பாலைவனத்துக்குக் குடியேறிவிட்டது. அப்போது சிரித்தேன். இப்போது யோசித்தால் எனக்கும் அதே கையெழுத்துதான் விழுந்திருக்கிறது.

ஓட்டுப் போடும் முறை இதுதான். பாட்டில் மூடியின் உள்பக்கம் ஒரு குறியீடு அச்சடித்திருக்கும். அதைப் போனில் காட்டினால் நான்கு சுவைகளும் வரும், பிடித்ததைத் தொட வேண்டும். ஒரு மூடிக்கு ஒரு ஓட்டு. வயது, ஊர், தேசம் எதுவும் கேட்காது. ஆறு மாதக் குழந்தையின் விரலைப் பிடித்து வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

2

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. காலையில் அண்ணன் போன் செய்தார். அண்ணன் பெயர் அடைக்கலம். அறந்தாங்கியிலிருந்து நாகுடி போகும் வழியில் எங்கள் ஊர். அங்கே நெல்லும் கொஞ்சம் கடலையும் போடுகிறார். அவசியமில்லாமல் போன் செய்யும் ஆள் இல்லை.

"தம்பி, சாப்ட்டியா?"

"ஆச்சுண்ணே. சொல்லுங்க."

"ஓட்டர் லிஸ்ட்டு சரிபாக்குறாங்கள்ல. டீச்சரம்மா போன மாசமே வந்து ஆளுக்கொரு பாரம் குடுத்துச்சு. எல்லாத்துக்கும் எழுதிக் குடுத்துட்டேன்."

"நல்லதுண்ணே."

"ஒனக்கும் எழுதியாச்சு."

"எனக்கு என்ன எழுதுனீங்க?"

"நெரந்தரமா எடம் மாறிட்டாருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"வேற எதுவும் எழுத முடியாதாண்ணே?"

"ஏன் முடியாது. செத்துட்டாரு, ஆளக் காணோம், ரெண்டு எடத்துல பேரு இருக்கு, நெரந்தரமா எடம் மாறிட்டாரு. இந்த நாலுல நீ எதுன்னு நீயே சொல்லு."

"இங்கதான் இருக்காருன்னு எழுதியிருக்கலாம்ல?"

"எங்கிட்டு இருக்க?"

அண்ணன் குரலில் கோபம் எதுவும் கிடையாது. மழை பெய்ததா என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் சொன்னார். பாரத்தின் அடியில் பொய் சொன்னால் தண்டனை என்று போட்டிருந்ததாம். "கண்ணாடியப் போட்டு ரெண்டு தடவ படிச்சேன்" என்றார். அண்ணன் எட்டாவதுவரை படித்தவர். அச்சடித்த எதையும் நம்புகிறவர். பூச்சி மருந்து டப்பாவில் முகமூடி போடச் சொல்லியிருந்தால் துண்டையாவது கட்டிக்கொள்வார். ஊரில் அப்படிச் செய்யும் ஒரே ஆள் அவர்தான்.

"ரேஷன் கார்டுலேர்ந்து பேர எடுத்தப்ப நீ ஒண்ணும் சொல்லலையேப்பா" என்று கடைசியில் கேட்டார். உண்மைதான், சொல்லவில்லை. அரிசி என் பெயரில் வராததில் எனக்கு வருத்தம் இல்லை. ஓட்டுக்கு மட்டும் மனசு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

பட்டியலின் வரைவையும், நீக்கிய பெயர்களைக் காரணத்தோடும் இணையத்தில் போட்டிருந்தார்கள். அன்று மத்தியானம் என் பெயரைத் தேடினேன். முதலில் இறந்தவர்களில் தேடினேன், ஒரு மனநிம்மதிக்கு. அங்கே நான் இல்லை. அப்பா இருந்தார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. இத்தனை நாள் அவர் ஓட்டு உயிரோடு இருந்திருக்கிறது. இப்போதுதான் முறைப்படி இறந்திருக்கிறார். அவருக்கு நாலு வரி கீழே, இடம் மாறியவர்களில் நான். ஒரே வீட்டு எண், ஒரே பக்கம். அப்பாவும் நானும் சேர்ந்து கிளம்பிப் போனதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினெட்டு தடவை அதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன், நடுவில் மாறியிருக்குமோ என்று. பாஸ்போர்ட்டை எடுத்து அதில் என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். அதுவும் இருந்தது. வீட்டுக்காரி செல்வி, "என்ன தேடுறீங்க?" என்றாள். "என்னைத்தான்" என்றேன். "குப்பைய எடுத்துக் கீழ போட்டுட்டுத் தேடுங்க" என்றாள்.

3

இந்தப் பதற்றத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை சுவைக் குழுவில் போய் உட்கார்ந்தேன். மக்கள் ஓட்டு ஒரு பக்கம் நடக்கும், கம்பெனிக்குள் எங்கள் மதிப்பெண் ஒரு பக்கம் போகும். அப்படி ஒரு ஏற்பாடு.

எங்கள் குழுவின் முறை கறாரானது. ஆளுக்கொரு தடுப்பு. எதிரே நான்கு காகிதக் கோப்பைகள், எண் மட்டும்தான் இருக்கும். நிறம் தெரியக்கூடாது என்று சிவப்பு விளக்கு போட்டுவிடுவார்கள். பக்கத்து ஆளோடு பேசக்கூடாது. ஒரு கோப்பைக்கும் அடுத்த கோப்பைக்கும் நடுவே வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, உப்பில்லாத பிஸ்கட் ஒன்று தின்ன வேண்டும். முந்தின சுவை நாக்கிலிருந்து போனால்தான் அடுத்ததைச் சரியாக எடைபோட முடியும். கடைசியில் நான்கையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும்.

தேர்தலை இப்படி நடத்தினால் என்ன என்று வருடக்கணக்காக இங்கே பேசி வந்திருக்கிறேன். கோப்பையில் கொடி கிடையாது, சாதி கிடையாது, யார் மகன் என்பது கிடையாது. வேட்பாளர் சொல்வதை மட்டும் ஒரு எண்ணுக்குப் பின்னாலிருந்து கேட்டு மதிப்பெண் போட வேண்டும். பிரச்சாரம் முடிந்து ஓட்டுப் பதிவுக்குள் இரண்டு நாள் அமைதி விடுகிறார்களே, அது நம் பிஸ்கட் மாதிரிதான், ஆனால் இரண்டு பிஸ்கட் போதாது, ஒரு பெட்டி வேண்டும் என்றெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் முழங்கியிருக்கிறேன். கேட்பதற்குப் பிஜு என்ற மலையாளி இருக்கிறான். அதே கூடத்தில் எனக்கு அடுத்த ஆள். நான் பேசும்போது நன்றாகச் சாப்பிடுவான்.

அன்று நான்கையும் சுவைத்தேன். பத்தொன்பது வருட நாக்கு. எண் இரண்டுக்கு முதலிடம் கொடுத்தேன்: விழுங்கிய பிறகு நாக்கில் எதுவும் ஒட்டவில்லை, மறுபடி குடிக்கத் தோன்றுகிறது. எண் மூன்றுக்குக் கடைசி இடம். காரணம் என்ற கட்டத்தில் என் கையாலேயே எழுதினேன்: "மருந்து நெடி. மண் வாடை. இந்தச் சந்தைக்கு ஒத்துவராது."

சாயங்காலம் பிஜு எண்களின் உறையைப் பிரித்தான். பிரித்துவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னடா?"

"அண்ணா, இரண்டு எலுமிச்சை புதினா."

"சரி. மூணு?"

அவன் உறையை என்னிடமே நீட்டினான். மூன்று என்பதற்கு எதிரே பாலைவன வேர் என்று இருந்தது.

"இது எசென்ஸ் கம்பெனிக்காரன் பண்ணுன தப்பு. வேரே போட்டிருக்க மாட்டான்" என்றேன்.

"வேர் போட்டதாணு, அண்ணா. நீங்கதான் கேரளத்திலேர்ந்து வரவழைக்கச் சொன்னது. பில்லுல கையொப்பு போட்டது நானாணு."

"அந்தச் சீட்டக் கிழிச்சுரு."

"சிஸ்டத்தில ஏறிப்போயி."

அவனும் நன்னாரி ஆதரவாளன்தான். அவர்கள் ஊரிலும் சர்பத்துக்கு அதுதான். நாங்கள் இருவரும் ஒரு வாரமாகக் கூட்டணி பேசிக்கொண்டிருந்தோம். இப்போது கூட்டணித் தலைவரே எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டார். "போட்டே, நாக்கு களவு பறயில்லல்லோ" என்று பிஜு ஆறுதலாகச் சொன்னான். நாக்கு பொய் சொல்லாது என்று அர்த்தம். அதைவிட மோசமான ஆறுதலை நான் கேட்டதில்லை.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணன் நினைவுதான். அவரும் தடுப்புக்குள் உட்கார்ந்து, எதிரே இருந்த கோப்பையைச் சுவைத்து, என்ன தோன்றியதோ அதைத்தான் எழுதியிருக்கிறார். நிரந்தரமாக இடம் மாறியவர். இந்தச் சந்தைக்கு ஒத்துவராது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வாசகம்.

4

குற்றவுணர்ச்சி வந்தால் மனிதன் இரண்டில் ஒன்று செய்வான்: மன்னிப்புக் கேட்பான், அல்லது கள்ள ஓட்டுப் போடுவான். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

எங்கள் தொழிற்பேட்டையில் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கும் முகாம்கள் இருக்கின்றன. அங்கே உணவுக்கூடத்தில் எங்கள் பாட்டில்தான். குடித்துவிட்டு மூடியை அப்படியே மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள். குறியீட்டை யாரும் தொடுவதில்லை. எட்டு மணி நேரம் வெயிலில் கம்பி கட்டியவனுக்குப் புதினாவா நன்னாரியா என்பது பெரிய கேள்வி இல்லை. நான் ஒரு பிளாஸ்டிக் பையோடு போய் மூடிகளைப் பொறுக்கினேன். கேட்டவர்களிடம் "தர சோதனை" என்றேன். தலைமுடி நரைத்த ஆள் கழுத்தில் அட்டையோடு எதைப் பொறுக்கினாலும் இந்த நாட்டில் மரியாதையாகப் பார்க்கிறார்கள்.

வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மூடியாகப் போனில் காட்டிக்கொண்டிருந்தபோது மகள் கயல் வந்து நின்றாள். போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது. பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. வருகிற ஆகஸ்டில் படிப்புக்கு நெதர்லாந்து போகிறாள். அந்த ஊர் பெயரை நான் இன்னும் சரியாகச் சொல்லவில்லை என்று வாரம் ஒருமுறை திருத்துகிறாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஜனநாயகக் கடமை."

ஒரு நிமிடம் பார்த்தாள். மூடிக் குவியலைப் பார்த்தாள்.

"சோடாவுக்கு ரிக்கிங்காப்பா?"

"ரிக்கிங் இல்ல. வாய்ப்பில்லாதவங்க சார்பா போடுறேன்."

"அவங்க கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்ப அது ரிக்கிங்தான்." சொல்லிவிட்டு ஒரு மூடியை எடுத்து, தன் போனில் காட்டி, எதையோ தொட்டாள். எதைத் தொட்டாய் என்று கேட்டேன். "சீக்ரெட் பேலட்" என்று உள்ளே போய்விட்டாள். எலுமிச்சை புதினாவாகத்தான் இருக்கும். அவளுக்கு நன்னாரி வாசனை பிடிக்காது. ஊருக்குப் போயிருந்தபோது ஒரு மடக்கு குடித்துவிட்டு, பல் டாக்டர் வாசனை அடிக்கிறது என்று டம்ளரைக் கீழே வைத்தவள்.

நாற்பத்தொன்றாவது மூடியோடு நிறுத்தினேன். வெட்கத்தால் என்று எழுத ஆசைதான். கண் வலித்தது.

பத்தொன்பது வருடத்தில் ஊர்த் தேர்தலில் நான் ஓட்டுப் போட்டது இரண்டே முறை, லீவும் தேர்தலும் ஒன்றாக வந்தபோது. இன்னொரு முறை நான் இங்கே சிரப் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருக்கையில் அங்கே யாரோ என் ஓட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணன் போனில் சொன்னபோது நான் கோபப்படவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாக இருந்தது. நம் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் வெயிலில் வரிசையில் நின்று, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் போய், விரலில் மை வாங்கியிருக்கிறான். எனக்குப் பதில் அங்கே இருந்திருக்கிறான். இப்போது பெயரே போய்விட்டதால் கள்ள ஓட்டுப் போடக்கூட எனக்கு ஆள் கிடையாது.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும் என்பது விதி. ஒரு சோடாவுக்கு இங்கிருந்தே போடலாம், நாட்டுக்கு விமானம் ஏற வேண்டும். இதை மாற்ற வேண்டும் என்று நான் நிறைய பேசுவேன். போனிலேயே போட விட வேண்டும் என்று மேசையில் குத்தியிருக்கிறேன். இனிமேல் குத்த மாட்டேன். போனில் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி நானே, பையில் மூடிகளோடு. தூதரகத்தில் ஒரு பெட்டி வைத்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து, விரலில் மை வைத்துப் போட விடுங்கள். அவ்வளவு போதும். வரிசையில் நிற்கத் தயார். வெயிலிலேயே நிற்கிறேன்.

அதோடு ஒரு வார்த்தை. எங்கள் பாட்டிலில் என்ன சேர்த்தோம், என்றைக்கு அடைத்தோம், எதுவரை நல்லது என்று அச்சடிக்காமல் வெளியே அனுப்பினால் தொழிற்சாலையை மூடிவிடுவார்கள். கடைக்குப் போன பிறகு ஒரு பாட்டிலில் கோளாறு என்று தெரிந்தால், அந்த வரிசை மொத்தத்தையும் அன்றைக்கே திரும்ப எடுக்கிறோம். ஐந்து வருடம் பொறுத்துக் குடியுங்கள் என்று யாரிடமும் சொல்வதில்லை. பத்து ரூபாய் சமாசாரத்துக்கு இருக்கிற கவனம் அது.

5

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. எலுமிச்சை புதினா ஜெயித்தது. குழுவிலும் அதுதான், மக்கள் ஓட்டிலும் அதுதான். குழுவில் பலருக்கு அது முதல் விருப்பம் இல்லை, ஆனால் யாரும் அதைக் கடைசியில் வைக்கவில்லை. நன்னாரிக்கு மூன்றாமிடம். மாங்காய் மிளகாயை என் நாற்பத்தொன்றில்தான் தாண்டியிருக்கிறது. மேலாளர் அறிவிப்புப் பலகையில் குழுவின் கருத்துகளிலிருந்து சிலதை ஒட்டியிருந்தார். "மருந்து நெடி, மண் வாடை" என் கையெழுத்திலேயே இருந்தது. பெயர் மட்டும் மறைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, மறுப்பு எழுதிக் குடுக்கலாமாம். பேரச் சேக்கச் சொல்லிக் கேக்கலாமாம்."

"கேளு. யாரு வேணாங்குறா."

"டீச்சரம்மா மறுபடி வீட்டுக்கு வரும். ஒங்ககிட்டத்தான் கேக்கும்."

"வரட்டும். தம்பி இங்கதான் இருக்கானான்னு கேட்டா நான் என்ன சொல்ல? நீயே சொல்லிக் குடு. அதையே சொல்றேன்."

சொல்லிக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் சொல்லியிருப்பார். அதுதான் பயம். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டுத் தம்பிக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை பைக் சத்தம் கேட்கும்போதும் அதிகாரிகள்தான் வருகிறார்களோ என்று வாசலைப் பார்ப்பார்.

"ஏன்டா ஒனக்கு இது இம்புட்டு முக்கியம்?" என்றார். "வந்தா வா, போனாப் போ. வீடு இருக்கு. பேரு லிஸ்ட்டுல இருந்தாத்தான் மதினி சோறு போடுவாளா?"

நான் ஒரு ஜோக் சொல்லத் தேடினேன். வழக்கமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

"இந்த நாட்டுல எனக்கு ஓட்டு இல்லண்ணே. எப்பவும் வராது. விசா முடிஞ்சா அடுத்த நாள் நான் யாரோ. அங்கயும் இல்லன்னா, பூமியில எந்த லிஸ்ட்டுலயும் நான் கெடையாது."

அந்தப் பக்கம் வயல் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"வேற பாரம் எதுவும் இருக்கான்னு பாரு" என்றார்.

இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு பாரம், ஆறு ஏ. பத்தொன்பது வருடமாக இருக்கிறவனுக்கு அது தெரியாமல் இருந்திருக்கிறது, பழைய பட்டியலில் பெயர் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்ததால். மறுநாள் கயலை உட்கார வைத்துக் கம்ப்யூட்டரில் நிரப்பினேன். பாஸ்போர்ட் எண், விசா எண், புகைப்படம். புகைப்படத்தில் நான் திருடன்போல இருப்பதாக மூன்று தடவை மறுபடி எடுத்தாள். பாஸ்போர்ட்டில் ஊர் முகவரிதான் இருந்தது, நல்லவேளை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கட்டம் வரும்வரை.

"இந்தியாவுல வழக்கமா இருக்குற எடத்துல எந்தத் தேதியிலேர்ந்து இல்லன்னு கேக்குதுப்பா" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. வெயில் காலம் என்று ஒரு நினைப்பு, சித்திரையாக இருக்கலாம். இறங்கினபோது அடித்த வெக்கைதான் ஞாபகம் இருக்கிறது, அது எல்லா மாதமும் அடிக்கும் வெக்கை. முதல் முத்திரை விழுந்த பழைய பாஸ்போர்ட் ஊரில் பீரோவில் கிடக்கிறது. அண்ணனைக் கூப்பிட்டு, எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

"எதுக்குப் பீரோவத் தொறக்கணும்?" என்றார். "மாட்டுப் பொங்கலன்னிக்குப் போன. காலைல ஒன்னய திருச்சில ஏத்திவிட்டுட்டுத் திரும்புறேன், கீரனூருக்கிட்ட பஸ்ஸு பஞ்சரு. வீடு வந்து சேர மூணு மணி. அதுக்கப்பறந்தான் மாட்டக் குளிப்பாட்டுனேன். ஊருல அம்புட்டு மாடும் மாலையோட நிக்கிது, நம்ம மாடு மட்டும் சாணியோட நின்னுச்சு. அன்னைலேர்ந்து எழுதிக்க."

"தை மாசமா?"

"பின்ன மாட்டுப் பொங்கலு ஆடியிலயா வரும்?"

வருடத்தையும் சொன்னார். கயல் பழைய நாட்காட்டியைத் தேடித் தேதியைக் கண்டுபிடித்துக் கட்டத்தில் போட்டாள். நான் இல்லாமல் போன நாளை நான் மறந்துவிட்டேன். அதை ஒருவர் வருடா வருடம் மாட்டைக் குளிப்பாட்டும்போது எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நிரந்தரமாக என்று டிக் அடிக்க அந்தப் பாரத்துக்கு அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

"அந்தப் பாரத்துல என்னதான் கேக்குறான்?" என்று அண்ணன் கேட்டார்.

"இங்க இல்ல, வேலைக்காக வெளிநாட்டுல இருக்கேன்னு நானே சொல்லணும். சொன்னா லிஸ்ட்டுல சேப்பாங்க."

"இல்லைன்னு சொல்லியே ஓட்டுக் கேக்குற பாரமா?"

"ஆமாண்ணே."

"அதுக்குன்னா நான் சாட்சி சொல்றேன். டீச்சரம்மாவ வரச் சொல்லு."

6

பத்து நாளில் டீச்சரம்மா வந்தார்கள். பாஸ்போர்ட் நகலை வைத்துக்கொண்டு, இவர் இந்த வீட்டு ஆள்தானா என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணன் என் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார், யாரும் கேட்காமலே. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் காட்டியிருக்கிறார். அது தேவையில்லாத வேலை, கணக்கில் நான் எடுத்தது டீச்சருக்குத் தெரிந்திருக்கும்.

பெயர் வந்துவிட்டது. எங்கள் பாகத்தின் பட்டியலில் கடைசிப் பக்கம், வெளிநாட்டு வாக்காளர் என்ற தலைப்புக்குக் கீழே. அந்தத் தலைப்பில் நான் ஒருவன்தான். எங்கள் ஊரிலிருந்து வளைகுடாவில் இருக்கிறவர்களை உட்கார வைக்க இரண்டு பஸ் வேண்டும், ஆனால் அந்தப் பக்கத்தில் நான் மட்டும் இருக்கிறேன், பெரிய மைதானத்தில் ஒற்றை நாற்காலி போட்டதுபோல. ஓட்டுப் போடப் போவேனா என்றால், மாட்டேன். தேர்தல் வருவது எங்களுக்கு உற்பத்தி உச்சத்தில் இருக்கும் வெயில் காலத்தில். எலுமிச்சை புதினாவுக்கு அப்போது மூன்று ஷிப்ட் ஓடும். லீவு கேட்டேன். மேலாளர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

நேற்று சாயங்காலம் கயல் தானாகவே கம்ப்யூட்டரைத் திறந்தாள். "எனக்கும் போட்டு வச்சிரவாப்பா? எய்ட்டீன் ஆயிருச்சுல்ல" என்றாள். என் மனம் ஒரு நிமிடம் பெரிய கூட்டம் கூட்டி, பேனர் கட்டி, பட்டாசு வெடித்தது. வெளியே "ம்" என்றேன். ஊருக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் மூன்றாம் நாள் கொசுக்கடியை எண்ண ஆரம்பிக்கிற பிள்ளை. அந்த மைதானத்தில் இரண்டாவது நாற்காலி கேட்கிறாள்.

பாஸ்போர்ட் எண், விசா எண், புகைப்படம். சொந்தக்காரர் பெயர் என்று கேட்ட இடத்தில் என் பெயரையும் என் வாக்காளர் எண்ணையும் போட்டாள். எண் வைத்திருக்கும் அப்பாவாக நான் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தக் கட்டம் வந்தது.

"அப்பா. எந்தத் தேதியிலேர்ந்து அங்க இல்ல?"

நான் திரையைப் பார்த்தேன். அவளும் திரையைத்தான் பார்த்தாள். இதைக் கேட்க அண்ணனைக் கூப்பிட முடியாது. அவர் எந்த மாட்டைக் குளிப்பாட்டிய நாளை வைத்து இதைச் சொல்வார்.

"எனக்கு அப்படி ஒரு டேட் இருக்காப்பா?" என்றாள்.

"தெரியலடா. விட்டுட்டுப் போக முடியுமான்னு பாரு."

"விட்டா சிவப்பு காட்டுது. மேண்டேட்டரி."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு யாரையும் கேட்காமல் வேகமாகத் தட்டினாள். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன், இரண்டு தடவை. மேலே, பிறந்த தேதி என்ற கட்டத்தில் இருந்த அதே தேதி கீழேயும் இருந்தது. கம்ப்யூட்டர் எதுவும் கேட்கவில்லை. பச்சை டிக் காட்டியது.

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். டப்பாவில் உப்பில்லாத பிஸ்கட் இருந்தது, ஒன்றைத் தின்றேன். இன்னொன்றும் தின்றேன். வாயில் இருந்தது போகவில்லை.